மணி அடிக்கும்வரை

இன்று அலுமாரியைத் துடைக்கையில் அந்தக் கண்ணாடிப் போத்தல் கைக்கு வந்தது. மூடியைத் திறந்தேன். எண்ணெய் எப்போதோ தீர்ந்துவிட்டது. நீங்கள் தலைக்கு வைத்த தேங்காயெண்ணெயின் மணம் மட்டும் போகவில்லை. எண்ணெய்க்கென்று வாங்கிய போத்தலா அது? நம் மூத்தவள் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக நான் வாங்கியது. ஒருநாள்கூட அவள் கொண்டுபோகவில்லை. அதற்கு நீங்கள்தான் காரணம்.

நம் ஊர் கண்டாவளை வயலை விட்டு வவுனியா அரிசி ஆலைக்கு நீங்கள் வேலைக்கு வந்ததே பிள்ளைகளின் படிப்புக்காகத்தான். ஐந்தாம் வகுப்பு முடித்தவளைப் பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில்தான் சேர்க்க வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அங்கே விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் இருந்தது. தலைமை ஆசிரியர் நம்மைக் கதிரையில் இருத்தி, இடம் இருக்கிறது என்றார். ஊரில் நமக்கு யார் கதிரை தந்தார்கள்? எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

நீங்கள் மட்டும் பள்ளிக்கூட முற்றத்து வாகை மரத்தடியில் நின்றுவிட்டீர்கள். "இடைவேளை மணி அடிக்கட்டும். பாத்திட்டுப் போவம்."

மணி அடித்ததும் பிள்ளைகள் கிணற்றடிக்கு ஓடினார்கள். சிலர் வாளியால் அள்ளிக் குடித்தார்கள். சிலர் தள்ளி நின்று, யாராவது ஊற்றும்வரை கையேந்திக்கொண்டிருந்தார்கள். ஊரில் நீங்களும் நானும் அப்படிக் குடித்து வளர்ந்தவர்கள்தான். வாளியைத் தொட நம் ஆட்களை விடமாட்டார்கள். அரசாங்கப் பள்ளிக்கூடத்திலும் அது இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. மூத்தவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆனாலும் என் ஆசை விடவில்லை. "படிப்பு நல்லதெல்லோ? தண்ணியை வீட்டிலயிருந்து போத்தலில குடுத்துவிடுவம்" என்றேன்.

"போத்தல் முடிஞ்சால்?" என்று கேட்டீர்கள்.

வீம்புக்கு, வரும் வழியிலேயே போத்தலை வாங்கினேன். மறுநாள் நீங்கள் அவளைத் தண்டவாளத்துக்கு அப்பால் இருந்த சின்னப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனீர்கள். தென்னோலைக் கிடுகுக் கூரை, விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லை. அங்கும் மணி அடிக்கும்வரை நின்றீர்களாம். திரும்பி வந்தவளின் சட்டை முன்பக்கமெல்லாம் ஈரம். "அம்மா, நானே அள்ளினனான்!" என்று குதித்தாள். டாக்குத்தராக வரவேண்டிய பிள்ளையைக் கெடுத்துவிட்டீர்கள் என்று எத்தனை நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சோறு போட்டேன்! நீங்களோ என் போத்தலை எடுத்து உங்கள் எண்ணெயை ஊற்றிவைத்தீர்கள். உங்கள் குறும்பு அப்படி.

நீங்கள் இல்லாமல் ஒரு மாரி வந்து போய்விட்டது. இப்போது இளையவள் ஆறாம் வகுப்புக்குப் போகவேண்டும். பெரிய பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் மாறிவிட்டார், எல்லாமே மாறிவிட்டது என்கிறார்கள். நேற்று நாங்கள் மூவரும் போனோம். புதியவரும் கதிரை தந்தார். எனக்கு உடனே சேர்த்துவிட வேண்டும் போலிருந்தது. மூத்தவள் என் கையைப் பிடித்து வாகை மரத்தடிக்குக் கூட்டிவந்தாள்.

"பொறுங்கோ அம்மா. மணி அடிக்கட்டும்."

மணி அடித்தது. கிணற்றடியில் ஒரே தள்ளுமுள்ளு. வாளி கைக்குக் கை போனது. யாரும் தள்ளி நிற்கவில்லை. இளையவளும் இடையில் புகுந்து அள்ளிக் குடித்தாள். கூட்டம் குறைந்ததும் மூத்தவள் போனாள். தாகமே இல்லாமல் ஒரு வாளி அள்ளினாள், அள்ளிக் குடித்தாள். பிறகு எனக்குக் கொண்டுவந்தாள். பழக்கத்தில் நான் இரண்டு கையையும் ஏந்தினேன். அவள் ஊற்றவில்லை. வாளியையே என் கையில் தந்தாள்.

நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று அப்போதுதான் அழுதேன்.

போத்தலைக் கழுவாமல் அலுமாரியிலேயே வைத்துவிட்டேன். இளையவளுக்கும் அது தேவைப்படாது.