எதிரொலிப் பெட்டி இல்லாத மூன்று நாட்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நலம் என்று எழுதிவிட்டு, அதை அடித்துவிட்டு, இருக்கிறோம் என்று எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், அவனுக்கு இருமல் நின்றதா என்று முதலில் கேட்கச் சொன்னாள் அம்மா, கேட்டுவிட்டேன். அவளுடைய முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறாள், கேட்டால் எனக்கென்ன ரயிலா போகுது என்கிறாள். குளியலறைக் குழாய் சொட்டுவதை ஒருவழியாகச் சரிசெய்தாயிற்று. இதையெல்லாம் முதலில் எழுதும்போதே உனக்குத் தெரிந்திருக்கும். அந்த இசைத்தட்டு வராது அம்மாடி. பேரனுக்கு அனுப்புவதாகச் சொன்னேனே, அது. போனிலேயே சொல்லப் பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் ஹலோ ஹலோ என்றாய், லைன் போயிடுச்சு போல என்று வைத்துவிட்டாய்.

நீ கேட்டதில் தவறில்லை. உன்னைத் தூங்கவைக்க நான் கட்டிய அந்த ஜாஸ் மெட்டை, பெட்டி கம்பி ஒன்றும் இல்லாமல், வெறும் சாக்ஸபோனா அவன் ஒரு தடவை கேட்கணும்ப்பா என்றாய். எனக்கும் அந்த ஆசை உள்ளே கிடந்தது. இருபத்திரண்டு வருடம் எதிரொலிப் பெட்டியோடு வாசித்தாயிற்று, ஓட்டல் கூடத்தில், விளம்பரத்துக்கு, எங்கே கூப்பிட்டாலும். நான் ஒரு வரி வாசித்துவிட்டுக் காலால் மிதிப்பேன், பெட்டி அந்த வரியை இரண்டு மூன்று தடவை திருப்பிச் சொல்லும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மங்கலாக. அதற்குள் நான் மூச்சு வாங்கிக்கொள்வேன். அம்மா அதற்கு வைத்த பெயர்தான் உனக்குத் தெரியுமே, என் சக்களத்தி. ஆகவே இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்களிடம் கேட்டேன். ஒரே அறை, மூன்று பேர், மூன்று நாள், பெட்டி வேண்டாம், பியானோகூட வேண்டாம். சரி என்றார்கள். கிளம்பும்போது அம்மா, சக்களத்திய வீட்டுல விட்டுட்டுப் போறீங்களே, தனியா வழி தெரியுமா என்றாள். இருவரும் சிரித்தோம்.

அந்த அறை எனக்குப் பிடித்திருந்தது. மரத்தரை. சுவரில் தடித்த கம்பளித் துணி. ஜன்னல் இல்லை. கண்ணாடித் தடுப்பு இல்லை, காதில் ஹெட்போன் இல்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிக்க வேண்டியது. ஆளுக்கொரு மைக் இருந்தாலும் ஒருவர் சத்தம் இன்னொருவர் மைக்கில் போய் விழும், அதனால் ஒருவர் தவறினால் மூன்று பேரும் மறுபடி முதலிலிருந்து. டிரம்ஸ்காரர் மூலையில். ஆளுயர வயலின்போல நிற்கும் அந்தப் பெரிய பேஸ் வாசிக்க உன் தாத்தா மாமா வந்தான். இருபது வயதில் உட்கார்ந்த இடத்திலெல்லாம் தூங்குகிறான் என்று நாங்கள் தாத்தா என்றோம், நீ அதோடு மாமாவைச் சேர்த்தாய், இப்போது நிஜமாகவே நான்கு பேரப்பிள்ளைகள் அவனுக்கு. இன்னும் தூங்குகிறான். நான் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தார்கள். நின்றேன். முதல் வரி முடிந்தது. என் வலது கால் தானாக முன்னால் போய் மிதித்தது. டொக். அங்கே பெட்டி இல்லை, வெறும் மரத்தரை. அடுத்த வரிக்கும் டொக். ஒலிப்பதிவு செய்கிற பெண் வந்து, சார் ஷூ சத்தம் விழுது என்றாள். கழற்றிவிட்டுக் காலுறையோடு வாசித்தேன். கால் மிதித்துக்கொண்டேதான் இருந்தது, சத்தம் மட்டும் இல்லை.

நன்றாக வந்ததென்றே நினைத்தேன். அதுதான் வேடிக்கை. கேட்டுப்பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ஒரு வரி. பிறகு ஒன்றுமில்லை. இன்னொரு வரி. பிறகு ஒன்றுமில்லை. அடியில் பேஸ் மட்டும் நடந்துகொண்டிருக்கிறது, பாதி பேசிவிட்டு எழுந்துபோன ஆளை அது தேடுவதுபோல. டிரம்ஸ்காரர் மரியாதையாக, அந்த இடத்தை எனக்கு விட்டீங்கன்னு நெனச்சேன் சார் என்றார். தாத்தா கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான், டேய், யாருக்குடா வெயிட் பண்ணிட்டு நிக்கிற.

மறுநாள் இடைவெளி விடாமல் வாசிப்பது என்று போனேன். உன் மெட்டில் இரண்டாவது வரி நீளமானது, எட்டுத் தாளக்கட்டு, ஒரே மூச்சு. பழைய தாளைக் கொண்டுபோயிருந்தேன், அந்த வரியில் மூச்சுக்குறி ஒன்றுகூட இல்லை, நீ பிறந்த வருடம் எனக்கு அது தேவைப்படவில்லை. ஐந்தாவதில் மூச்சு தீர்ந்தது. வாயில் வைக்கும் ரீடை மாற்றி மெல்லியதைப் போட்டேன். ஐந்தாவதில் தீர்ந்தது. உட்கார்ந்து வாசித்தேன். நான்காவதில். பதினேழு தடவை. மற்ற இருவரும் பதினேழு தடவையும் முதலிலிருந்து வாசித்தார்கள், முகம் சுளிக்கவில்லை, அதுவே தாங்கவில்லை. இடைவெளி விடுவது பழக்கம் என்று நினைத்திருந்தேன். பழக்கமில்லை. மூச்சு போய்விட்டது, எப்போது போனதென்று எனக்குச் சொல்லாமல் பெட்டி மறைத்துக்கொண்டிருந்தது. எந்த வருடமோ. நான் வாசிக்காததற்கும் சேர்த்துத்தான் இத்தனை நாள் கைதட்டியிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் வாசிக்கவில்லை. அந்தப் பெண் நல்ல பெண், உன் வயதுதான் இருக்கும். கவலைப்படாதீங்க சார், நீங்க விட்ட இடத்துல உங்க வாசிப்பையே மெல்லிசா திரும்ப ஒலிக்கவிட்டுடலாம், யாருக்கும் தெரியாது என்றாள். பழையபடி பெட்டி. வேண்டாம் என்றேன். அழித்துவிடச் சொன்னேன். மனசு வரலை சார் என்று தயங்கினாள், நான் நகராமல் நின்றேன், அழித்தாள். அழிப்பதற்குச் சத்தமே இல்லை. தாத்தா பேஸை உறையில் போட்டு மூடிக்கொண்டே, பெட்டி வேண்டாம்னு அஞ்சு வருஷம் முன்னாடியே கேட்டிருக்கணும்டா நீ என்றான். கோபமாகச் சொல்லவில்லை. வாசல்வரை ஒரு முனையை நான் பிடித்தேன், வழியில் இரண்டு தடவை இறக்கிவைக்க வேண்டியிருந்தது. இரண்டு தடவையும் எனக்காக.

வீட்டுக்கு வந்தபோது அம்மா மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்த்தாள், நகர்ந்து இடம் விட்டாள். மறுநாள் காலையில் பார்த்தால் பெட்டியைத் துடைத்து மேசைமேல் வைத்திருக்கிறாள். பாவம், அவ என்ன பண்ணுவா என்றாள். நான் இன்னும் அதைத் தொடவில்லை. சனிக்கிழமை ஓட்டலுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகாவிட்டால் என்ன செய்வது. போனால் என்ன வாசிப்பது.

பேரனிடம் இதையெல்லாம் சொல்லவேண்டாம். நீயே பாடிக்காட்டு, உனக்கு அந்த மெட்டு தெரியும், இரண்டாவது வரியில் எங்கே வேண்டுமானாலும் மூச்சு வாங்கிக்கொள். அவனை ஈரத்தலையோடு வெளியே விடாதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்டநாள் இருக்க வேண்டும், எங்கள் இருவருக்கும் வேறு வேண்டுதல் இல்லை. ஒன்று மட்டும் மறக்காதே. அவ்வளவு தூரத்திலிருந்து உன் குரல் இங்கே வந்து சேரக் கொஞ்சம் நேரமாகிறது, என் குரல் அங்கே வரவும் அப்படித்தான். நான் பேசாமல் இருந்தால் லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. காத்துக்கொண்டுதான் இருப்பேன்.

உன் அப்பா