கோலில் இல்லாத கோடு

1936 நவம்பர் 24, செவ்வாய்.

வருடாவருடம் மழை விட்டதும் நானும் மனைவியும் மகள் வள்ளியும் கொரட்டூர் ஏரியில் தோணியில் போவோம். சில நாள் முன்பே மூங்கில் கோலை ஊன்றி ஆழம் பார்ப்பேன். வள்ளியின் மார்பளவுக்கு அதில் புதுக் கோடு கீறுவேன்; தண்ணீர் அதைத் தாண்டினால் போகமாட்டோம்.

இன்று பழக்கத்தில் கோலோடு போய்விட்டேன். தோணிக்காரன் முனியன் வாங்கிப் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்தே, இந்த வருசக் கோட்டக் காணோம்?"

"போன வருசக் கோடே போதும்பா."

"அதெப்டி? கொயந்த வளந்திருக்குமே!"

ஆடியில் வாந்திபேதி கண்டு அவள் போனது அவனுக்குத் தெரியாது. கோலை வாங்கி ஊன்றினேன். தண்ணீர் கோட்டுக்கு நாலு விரல் கீழேதான் நின்றது. ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவன் மூன்று பேருக்கு இடம் துடைத்து வைத்திருப்பான்.