உப்புக் கிணறும் வாப்பாவின் தேத்தண்ணீரும்

மருதமுனை
14.02.2010

அன்பு மகன் றிம்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நீ கத்தாரில் நோய்நொடி இல்லாமல் இருக்க துஆச் செய்கிறேன். நாங்களும் சுகம் என்றுதான் எழுத வந்தேன், ஆனால் வாப்பாவுக்குக் கிட்னியில் கல். பயப்படாதே, சின்னக் கல்தான். தறியில் நெய்துகொண்டிருந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார், மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், சண்டை முடிந்ததால் இப்போது முன்னைப்போல வழிநெடுக இறங்கி ஏறிச் சோதனை கொடுக்க வேண்டியதில்லை, அதுவே பெரிய நிம்மதி. எல்லாம் தேத்தண்ணீரால் வந்த கேடு என்று நானே முடிவுகட்டித் தேயிலைத் தகரப் பேணியை ஒளித்துவைத்தேன். மனிதர் பள்ளிக்குத் தொழப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுச் சீனிமுகம்மதுவிடம் கோப்பி குடித்துவிட்டு வந்தார், வாசம் காட்டிக்கொடுத்துவிட்டது.

மறுமுறை போனபோது டொக்டரிடம் முறையிட்டேன். அவர் சிரித்துவிட்டு, தேத்தண்ணியோ கோப்பியோ ரெண்டு மூணு கோப்பை குடிச்சாக் கிட்னி பழுதாகாது, கல்லு வந்தவர் கடுஞ்சாயத் தேத்தண்ணியக் குறைச்சாச் சரி, அது கிடக்கட்டும், தண்ணி எவ்வளவு குடிக்கிறார் என்று கேட்டார். மகன், சுனாமியில் கிணறு உப்பான நாளிலிருந்து நம் வீட்டில் யாரும் வெறும் தண்ணீர் குடித்ததில்லை. பவுசர் லொறியில் வந்த தண்ணீரில் மருந்து நாற்றம், கிணற்றில் உப்பு. அப்போது உனக்குப் பதினாறு வயது, வாயில் வைத்ததும் துப்பிவிடுவாய். நான்தான் இஞ்சி தட்டி, சாயத்தைக் கடுமையாக்கி, சீனியை அள்ளிப்போட்டு உனக்கும் வாப்பாவுக்கும் தந்தேன். அப்படியே பழகிவிட்டோம். அன்று வீட்டுக்கு வந்ததும் கிணற்றில் அள்ளி ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன். உப்பே இல்லை. எந்த மழைக்கு மாறியதோ தெரியாது, இஞ்சியும் சாயமும் போட்டே குடித்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. இப்போது வாப்பா முணுமுணுத்துக்கொண்டாவது தண்ணீர் குடிக்கிறார்.

போன கிழமை நீ போனில் கதைத்தபோது, வெயிலில வேலை உம்மா, தண்ணி இறங்குதில்ல, தேத்தண்ணிதான் என்றாய். இடுப்பிலும் ஒரு குத்து என்றாய். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வாயைப் பழக்கியவள் நான். என்னைக் கோபித்துக்கொள், ஆனால் இந்தக் கிழமையே டொக்டரிடம் போய்க் காட்டு.

தொழுகையை விடாதே. அல்லாஹ் உன்னைப் பாதுகாப்பான். உன் கூட்டாளி சாலிஹ் வெள்ளிக்கிழமை அங்கே வருகிறான். நீ கேட்ட தேயிலையை நான் அனுப்பவில்லை. நம் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஒரு போத்தலில் கொடுத்திருக்கிறேன். ஒன்றும் போடாமல் குடி மகன்.

உன் உம்மா,
ஸுலைஹா