ஒரு சீட்டுக்கு ஒரு நோய்

அனுப்புநர்:
லிஃப்ட் மெக்கானிக்,
(பெண்கள் பிரிவு, 11ஆம் கட்டில் நோயாளியின் தம்பி)

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: ஊசி அறைச் செவிலியருக்கு அனுப்பிய குறிப்பாணையைத் திரும்பப் பெறக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அக்கா நகரப் பேருந்து ஓட்டுநர். சாப்பிட்ட அரைமணி நேரத்தில் அவருக்கு வயிற்றைப் பிசையும் வலி. தங்கள் விதிப்படி நாளுக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு நோய். திங்களன்று வயிற்றுக்குச் சீட்டு வாங்கினார். அல்சர் மாத்திரை கிடைத்தது. செவ்வாயன்று காலில் இருந்த ஊதாப் புள்ளிகளுக்கு வாங்கினார்; களிம்பு கிடைத்தது. இரண்டும் ஒரே உடம்பு என்று எந்தச் சீட்டிலும் எழுதவில்லை. நான் கயிற்றை இன்றும் மோட்டாரை நாளையும் பார்த்தால், லிஃப்டில் போகிறவர் நேரே மேலுலகம்தான் போவார்.

2. வெள்ளியன்று வலி ஊசிக்குப் போனபோது செவிலியர் அக்காவின் காலில் இருந்த புள்ளிகளைக் கவனித்தார்.

"ஏம்மா, இதை வயித்து டாக்டர்கிட்ட காட்டினியா?"

"அது செவ்வாக்கிழமை சீட்டு, சிஸ்டர்."

"உன் வயிறு என்ன, கிழமை பார்த்தா வலிக்குது?"

சீட்டில்லாமலே கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தலைமை மருத்துவர் முன் நிறுத்தினார்.

3. இரத்தக் குழாய் அழற்சியாம்; காலில் புள்ளி, வயிற்றில் வலி இரண்டும் அதனால்தானாம். குழாய்கள் வீங்கி, குடலுக்கு இரத்தம் போகாமல் ஒரு சாண் குடல் செத்திருந்தது. அன்றே வெட்டி எடுத்தார்கள். ஒருநாள் தாமதித்திருந்தால் குடல் பொத்தலாகியிருக்கும் என்றார் அறுவை மருத்துவர். அறுவை முடிந்து இன்று பதின்மூன்றாம் நாள். ஸ்டீராய்டு மாத்திரையின் புண்ணியத்தில் அக்காவுக்குக் கன்னம் உப்பி, யானைப்பசி. பக்கத்துக் கட்டில்காரர் தட்டை மறைத்து வைத்துச் சாப்பிடுகிறார்.

4. செவிலியருக்குக் கிடைத்த பரிசு, தங்கள் குறிப்பாணை. சீட்டின்றி நோயாளியை அனுப்பியதற்கு நாளைக்குள் விளக்கம் தராவிட்டால் வேலை போகும். அவர் தற்காலிகப் பணியாளர். இந்த விதியைப் போட்டவர் எவரும் அந்த வரிசையில் நின்றதில்லை, ஐயா. அவர்களுக்கு வயிறு வலித்தால் டாக்டர் வீட்டுக்கே வருகிறார்.

5. ஆகவே குறிப்பாணையை ரத்து செய்து, இனி நோய்க்கு ஒன்றாக அல்லாமல் ஆளுக்கு ஒன்றாகச் சீட்டுத் தர ஆணையிடுங்கள். என்ன விளக்கம் எழுதுவதென்று செவிலியர் அக்காவிடம் கேட்டார். அக்காவே எழுதிக் கொடுத்துவிட்டார். அது முழுமையாகக் கீழே உள்ளது; கோப்பில் சேர்க்கவும்:

"அவங்க விதியை மீறினாங்க. நான் உசுரோட இருக்கேன். வேற என்ன விளக்கம் வேணும்?"

நாள்: 14, வியாழன்
இடம்: தங்கள் அறை வாசல், பெஞ்சு

இப்படிக்கு,
பதில் கிடைக்கும்வரை இங்கேயே உட்கார்ந்திருக்கும்
லிஃப்ட் மெக்கானிக்