பாலம் தாண்டாத எலிகள் குறித்து

அனுப்புநர்
சு. செல்லப்பாண்டி,
விவசாயி (படிப்பு ஒன்பதாம் வகுப்பு, அனுபவம் அதற்கு மேல்),
மேலத் தெரு, ஆத்தூர்,
தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்
செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம், ஆத்தூர்.

பொருள்: என் வீட்டில் பிடிபட்ட எலிகளை ஆற்றுக்கு அக்கரையில் விடுவதாக வாங்கிச் சென்று, என் வீட்டுப் புறவாசலிலேயே விட்டுவந்த பக்கத்து வீட்டு அய்யாக்குட்டி அண்ணாச்சி பற்றியும், அதனால் என் மகள் பேறுகாலத்துக்குத் தாய்வீடு வர முடியாமல் இருப்பது பற்றியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. மேலத் தெருவில் செல்லப்பாண்டி மாமா வீடு எது என்று கேட்டால் கைப்பிள்ளையும் வழி காட்டும். விதைநெல்லில் சந்தேகம் என்றால் ஏழு மாவட்டத்துக்காரர்களும் என்னைத்தான் தேடி வருவார்கள். இப்பேர்ப்பட்டவன் எலிக்காக மனு எழுதும்படி ஆகிவிட்டதே என்று தாங்கள் நினைக்கலாம். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

2. ஐப்பசி மழையில் வயலும் வெற்றிலைக் கொடிக்காலும் தண்ணீர் கட்டியதும் எலிகள் வீட்டுக்குள் ஏறிவிட்டன. வருஷா வருஷம் உள்ளதுதான். ஆனால் இந்த வாடைக்காலத்தில் வந்தவை ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி அளவு. தெருப்பூனை ஒன்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டது, தெருவே சாட்சி. மிக்சி வயரும் அரிசி மூட்டையும் போகட்டும். எங்கள் ஒரே மகள் சந்தனச்செல்விக்குத் தை மாதம் தலைப்பிரசவம். பிள்ளைக்குத் தொட்டில் கட்ட என் மனைவி இசக்கித்தாய் துவைத்து மடித்து வைத்திருந்த பழைய நூல்சேலைகளையும் கடித்துக் குதறிவிட்டன.

3. பிள்ளையார் வாகனத்தைக் கொன்ற வீட்டில் பிள்ளை பிறக்கக் கூடாது என்று இசக்கித்தாய் விஷம் வைக்கச் சம்மதிக்கவில்லை. ஆகவே கூண்டு வைத்தேன். பிடிபட்டதை எங்கே கொண்டு விடுவது என்று முழித்தபோது அய்யாக்குட்டி அண்ணாச்சி தானாகவே முன்வந்தார். பலசரக்குக் கடை வைத்திருப்பவர். சாயங்காலம் சைக்கிளில் போய், பாலத்துக்கு அந்தப் பக்கம் உடைமரக் காட்டில் விட்டுவிடுகிறேன் என்றார். என் மனைவிக்கு உடன்பிறந்தவர் கிடையாது. மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் ஸ்தானத்தில் அவர் மடியில்தான் உட்கார வைத்தோம். அவரை நம்பாமல் நான் யாரை நம்புவது?

4. சாயங்காலமானால் கூண்டைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோவார். சற்று நேரத்தில் வெறுங்கூண்டோடு திரும்பி வந்து, "பாலத்துல காத்து குத்துதுலே, ஆத்துல தண்ணி கரையத் தொட்டுட்டுப் போகுது" என்று சொல்லுவார். இசக்கித்தாய் சுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பாள். நடுங்குகிறாரே என்று நான் போர்த்தியிருந்த துண்டை எடுத்துக் கொடுத்ததும் உண்டு.

5. ஒருமுறை பார்த்த முகத்தை நான் மறக்கிறவன் அல்ல. காது கிழிந்த எலி ஒன்று, ஏற்கனவே அனுப்பியது, திரும்பவும் கூண்டில் உட்கார்ந்திருந்தது. எலிக்கு எலி ஒரே மாதிரிதான் இருக்கும், உங்களுக்கு வேற ஜோலி இல்லையா என்றாள் மனைவி. எனவே வாசல் கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த நீலப் பெயிண்டைக் குச்சியில் தொட்டு அதன் முதுகில் தடவினேன். விஞ்ஞானிகள் செய்வதும் இதுவே. சாக்கு சுற்றியிருந்ததால் அண்ணாச்சி கவனிக்கவில்லை. அன்றைக்கும் பாலத்துக் காற்றைப் பற்றிச் சொல்லிக் காப்பி குடித்துவிட்டுத்தான் போனார்.

6. மறுநாள் ஆறுமுகநேரி சம்பந்தி வீட்டார் வளைகாப்பு முடித்து மகளைக் கொண்டுவந்து விட்டார்கள். சாப்பாடு நடக்கும்போது அந்த நீல எலி உத்திரத்திலிருந்து இறங்கி இலைகளுக்கு நடுவே போயிற்று. சம்பந்தி வடிவம்மாள், "உங்க ஊர்ல எலிக்கும் பெயிண்ட் அடிப்பீகளோ" என்று கேட்டார்கள். ஊர் மானத்தைக் காக்கும் பொருட்டு, அது துறைமுகத்தில் கப்பலில் வந்திறங்கிய வெளிநாட்டு ரகம் என்று விளக்கினேன். "அப்ப கடிச்சா ஊசியும் வெளிநாட்டுலதான் போய்ப் போடணும்" என்று சொல்லிப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்கள். எலி ஓடுகிற வீட்டில் பச்சைப்பிள்ளையை விடமாட்டோம், பேறுகாலம் எங்கள் வீட்டில்தான் என்று மகளை மறுபடி காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மகள் கண்ணாடியை இறக்கி அவள் அம்மாவைப் பார்த்தாள். அதை எனக்கு எழுதத் தெரியவில்லை.

7. அண்ணாச்சியிடம் நேரில் கேட்டேன். மறுக்கவில்லை. முதல் நாள் மட்டும் பாலம் போனதாகவும், மழைக்கு முழங்கால் முட்டு வலி வந்ததால் பிறகெல்லாம் என் புறவாசல் வைக்கோல் படப்பிலேயே விட்டதாகவும் ஒப்புக்கொண்டார். கடையில் ஆட்கள் நிற்கும்போதே, "உன் வீட்டு எலிய உன் வீட்டுலதானலே விட்டேன், ஒண்ணு குறைஞ்சா வந்து கேளு" என்று சிரிக்கவும் செய்தார். முட்டு வலி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எலியோடு சேர்த்து அவரையும் தோளில் தூக்கிக்கொண்டு நானே பாலம் தாண்டியிருப்பேன். எலியை விட்டதைக்கூட நான் பொறுப்பேன் ஐயா. போகாத பாலத்தின் குளிரை என் வீட்டுக்குள் உட்கார்ந்து அத்தனை நாள் சொன்னாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆகவே, தங்கள் பணியாளர்களை அனுப்பி எலிகளைப் பிடித்து உண்மையாகவே அக்கரையில் விட ஏற்பாடு செய்ய வேண்டும். உடன் நானும் வருவேன். அதன்பின் தாங்களே நேரில் பார்த்து, இவ்வீட்டில் எலி இல்லை என்று அலுவலக முத்திரையோடு ஒரு கடிதம் தர வேண்டும். சம்பந்தி அம்மாள் என் வாய்ச்சொல்லை இப்போது நம்புவதில்லை. தை பிறக்கும் முன்பு அந்தக் கடிதத்தைக் காட்டி மகளை அழைத்து வந்துவிடுவேன்.

அண்ணாச்சி மீது அபராதமோ வழக்கோ நான் கேட்கவில்லை. பிள்ளை பிறந்ததும் சர்க்கரை கொடுக்க அவர் வீட்டுக்குப் போவதா, வேண்டாமா என்பதில் எனக்கும் இசக்கித்தாய்க்கும் இன்னும் பேச்சு முடியவில்லை. அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பிள்ளை இங்கே பிறப்பதற்குத் தாங்கள் வழி செய்தால் போதும்.

தங்கள் பணியாளர் வருகைக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கும்,

சு. செல்லப்பாண்டி
(கையொப்பம்)

இடம்: ஆத்தூர்
நாள்: 22.12.2025