எந்தக் கால் என்று கேட்டான்

ரொறன்ரோ
மாசி 1996

அன்பு மகன் மரியோவுக்கு,

அப்பா எழுதுகிறேன். மாதாவின் காவலில் நானும் அம்மாவும் தங்கச்சி மெலனியும் சுகம். உன் சுகமறிய ஆவல் என்று எல்லாக் கடிதத்திலும் எழுதுவதுதான், இந்த முறை உண்மையிலேயே ஆவல், உன் இடது முழங்காலின் சுகத்தை அறிய.

போன கிழமை நான் பிறம்ரனில் வேலையில் நிற்கும்போது வீட்டுக்கு ஒரு வெள்ளைக்காரன் போன் எடுத்திருக்கிறான். அமெரிக்காவில் ஒரு பெரிய கூடைப்பந்து அணிக்கு ஆள் தேடுபவனாம், கல்லூரி முடிய உன்னை எடுக்கலாமா என்று பார்க்கிறார்களாம், பிள்ளை எப்படி என்று விசாரித்தானாம். அம்மாவுக்கு அது கலியாணத்துக்கு மாப்பிள்ளை விசாரிப்பதுபோல் இருந்திருக்கும். குடிக்கமாட்டான், பூசை தவறமாட்டான் என்று தொடங்கி, உன் முழங்கால் சவ்வு கிழிந்தது, டொக்டர் ஒப்பரேஷன் என்றது, தான் நேர்த்தி வைத்து உன்னை மிட்லண்ட் கோயிலில் முழங்காலில் நடக்கவிட்டது, மாதா சுகமாக்கியது எல்லாவற்றையும் சாட்சி சொல்லிவிட்டார். அந்தக் கதையை நீ கோச்சுக்கே சொல்லவில்லை என்பது எனக்குத்தான் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. அவன் மற்றக் கேள்வியெல்லாம் விட்டுவிட்டு எந்தக் கால் என்று கேட்டானாம். இடது கால் என்றாராம். மாதான்ரை புதுமையைக் கேட்டு மனிசன் வாயடைச்சுப் போனான் என்று கோயிலில் எல்லாருக்கும் சொல்லித் திரிகிறார்.

கோபப்படாதே மகன், நீ அனுப்பிய வீடியோவை அவன் கண்ணால் பார்ப்போம் என்று போட்டுப் பார்த்தேன். தூரத்தில் நின்று எறிவதில் உன்னைக் குறை சொல்ல ஏலாது. ஆனால் உன் உயரத்துக்கு வேகம்தான் பிழைப்பு, அது எங்கே? வலக்கைக்காரன் நீ, வலப்பக்கம் வெட்டி ஓடவே மாட்டேன் என்கிறாய், அதற்கு இடது காலை ஊன்றி உந்தவேண்டும். கூடைக்குக் கிட்டப் போயும் ஒற்றைக் காலில் துள்ளாமல் இரண்டையும் ஊன்றி நிற்கிறாய், அதற்குள் நெடுவல்கள் வந்து மறைத்துவிடுகிறார்கள். இறங்கும்போது பாரம் முழுக்க வலது காலில். எதிராளி தாண்டிப் போனால் பின்னாலிருந்து கையை நீட்டிப் பவுல் வாங்குகிறாய். இதுவரை சோம்பல் என்று நினைத்திருப்பார்கள், இப்போது ஒருவனுக்குக் காரணம் தெரியும்.

நேற்று அவன் திரும்பவும் போன் எடுத்தான், மெலனி பேசினாள். அண்ணா வீட்டில் படி இறங்குவது எப்படி என்று மட்டும் கேட்டானாம். தெரியாது என்றாளாம். எனக்குத் தெரியும், நத்தார் விடுமுறைக்கு வந்தபோது கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாகத்தான் இறங்கினாய், பயணக் களைப்பு என்று நினைத்துவிட்டேன்.

மாதக் கடைசி மேட்சுக்கு அவன் வருகிறானாம். பந்தைப் பார்க்கமாட்டான். ஊசி போட்டுக்கொண்டு இறங்காதே, ஊசி நோவை உனக்குத்தான் மறைக்கும். கோச்சிடம் நீயே சொல்லிவிட்டு விளையாடாமல் வாங்கில் இரு. அவர்கள் எடுக்காவிட்டால் போகட்டும், உனக்கு நடக்கக் கால் வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. உன்னை எடுத்தால் ஆவணியில் நீ மறுபடி முழங்காலில் நடப்பாய் என்று அம்மா புது நேர்த்தி வைத்திருக்கிறார். அதை நான் நடக்கிறேன் என்று மாதாவிடம் சொல்லிவிட்டேன், அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மாதா உன்னை எந்தத் தீங்கும் அணுகாமல் காக்கட்டும். குளிருக்குத் தொப்பி போடு. கடிதம் கண்டதும் என் வேலையிடத்துக்குப் போன் எடு. வீட்டுக்கு எடுத்தால் அம்மாதான் தூக்குவார், நீ சுகம் என்று சொல்லிவிடுவாய்.

உன்னையே நினைத்திருக்கும் அப்பா,
நீக்கிலாஸ்