அறந்தாங்கியில் சொல்லாமல் வந்தது

செவ்வாய், இரவு.

மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போக வேண்டும். பயணக் காப்பீடு எடுக்க இவரும் நானும் அறந்தாங்கி போனோம். அங்கே நாங்கள் பார்த்த ஏஜென்ட் மருமகனுக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா.

"சுகர், பிரஷர், ஹார்ட்டுன்னு எதுவும் இருக்குங்களா?"

நான் வாய் திறக்குமுன் இவர் முந்திக்கொண்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க."

போன வருஷம் எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது சம்பந்தி வீட்டுக்குத் தெரியாது.

பஸ்ஸில் கேட்டேன். "சொன்னா சேதி அவுக வீட்டுக்குப் போயிரும்ல?" என்றார். அங்கே எனக்கு ஏதாவது ஆனால் காப்பீட்டுக்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள். செலவு மருமகன் தலையில்தான் விழும். அப்போது மட்டும் தெரியாமலா இருக்கும்?

சண்டை போடவும் தெம்பில்லை. நாளை புதுக்கோட்டையில் முன்பின் தெரியாத ஏஜென்டைப் பார்த்து உள்ளதைச் சொல்லப்போகிறேன். இவரிடம் கோயிலுக்கு என்று சொல்லிக்கொள்ளலாம்.